மணிமுத்தாற்றில் போட்ட பெயர்

2014 மார்ச்சில் டாட்சன் கோ கார் விற்பனைக்கு வந்தது. டெல்லி ஷோரூம் விலை 3.12 லட்சம் ரூபாய். பேப்பரில் வந்த செய்தியை விருத்தாசலம் பாலக்கரை டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், ஏதோ புதுக் கம்பெனி போலிருக்கிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். நான் அந்தத் தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த பெயர் அது. நான் பார்த்த கார்களிலேயே மிக அழகான காரின் பெயர். பார்த்தது படத்தில்தான்.

அம்மாவுடன் பிறந்த மாமா மலேசியாவில் கிள்ளானில் இருந்தார். எழுபதுகளின் நடுவில் மாசி மகத்துக்கு ஊருக்கு வந்தபோது கோடாலித் தைலம், கைலி, பிஸ்கட் டின் எல்லாவற்றோடும் ஒரு காலண்டர் கொண்டுவந்தார். கார் விற்கிற கடையில் கொடுத்த காலண்டர். மாமா வைத்திருந்தது டாட்சன் 120 ஒய். அந்த நாள் மலேசியாவில் தெருவுக்குத் தெரு நின்ற 1200 சிசி குடும்ப வண்டி. காலண்டரில் ஒரு பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி ஒரு வண்டி இருந்தது. நீண்ட பானெட், அதன் இரண்டு ஓரத்திலும் குழித்து உள்ளே வைத்த ஹெட்லைட், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, உள்ளே இரண்டே சீட். சிவப்பு நிறம். எங்கள் ஊரில் அப்போது கார் என்றால் அம்பாசடர், இல்லாவிட்டால் பியட். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும். இந்தப் படத்திலிருந்தது அவை எதோடும் சேராத வண்டி.

"இது நம்ம வண்டிக்கு அண்ணன்டா. ஆப்பிரிக்காவுல சேத்துல ஓடி ஜெயிச்சிருக்கு" என்றார் மாமா. அவர் சொன்னது சரிதான். டாட்சன் 240 இசட் 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் முதலிடம் வந்தது. அவற்றுக்கு முன்பே, 1970இல், அதே கம்பெனியின் பெட்டி போன்ற 510 வென்றது. அந்தப் படம் இருந்த பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டேன். 240 இசட் மட்டும் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் பல வருடம் இருந்தது.

அந்தக் காருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். யுடாகா கட்டயாமா. 1960இல், டாட்சன் கார்களைச் செய்த நிசான் கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அன்றைக்கு ஜப்பான் கார் என்றால் அங்கே ஏளனம். அவர் வெளியே போய் ஊர் ஊராக டீலர்களைப் பார்த்தார். எந்த இடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, எந்த மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினார். 510 காருக்குச் சின்ன இன்ஜின் போதும் என்றார்கள், 1600 சிசி வேண்டும் என்று நின்று வாங்கினார். ஜப்பானில் ஃபேர்லேடி என்ற பெயரில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்தபோது, அந்தப் பெயர்த் தகட்டைக் கழற்றி 240 இசட் என்று மாட்டச் சொன்னார். ஆறு சிலிண்டர், 2393 சிசி, 151 குதிரைசக்தி. விலை 3,526 டாலர். அந்த வேகத்தை வேறு இடத்தில் வாங்க ஜாகுவாருக்கோ போர்ஷேவுக்கோ போக வேண்டும், அங்கே இதைவிட எவ்வளவோ அதிகம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியரும் தபால்காரரும் கடன் போட்டு வாங்கக்கூடிய விலையில், பணக்காரன் ஓட்டுகிற வண்டியைக் கொடுத்தார்கள். டாட்சன் என்ற பெயருக்கு இருந்த மதிப்பு முழுக்க இதிலிருந்து வந்ததுதான். விலை குறைவு, ஆனால் வாங்குகிறவனைக் குறைவாக நினைக்காத கார்.

இதை நான் பீங்கான் சாமான் செய்யும் விருத்தாசலத்துக்காரனாகச் சொல்கிறேன். எண்பதுகளில் செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தேன். சீனக்களியும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அரைத்துக் கலந்து, ஈரப்பதம் கொஞ்சம் விட்டு, இரும்பு அச்சில் போட்டுக் கைப்பிரஸ்ஸில் அழுத்துவோம். பிசிறு நீக்கி, காயவைத்து, கிளேஸில் முக்கி, சூளைக்குள் அடுக்குவோம். வெளியே வந்த பிறகு ஒவ்வொரு கட்டையையும் இன்னொன்றால் தட்டிப் பார்க்க வேண்டும். 'ணங்' என்று கேட்டால் பெட்டிக்கு. மொத்தென்று கேட்டால் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கிறது, கழிவுக் குவியலுக்கு. முதல் வாரம் நான் நாலு கட்டையைச் சேர்த்து ஒரே தட்டாகத் தட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, இது ரெண்டு ரூவா சாமான்தான். ஆனா குடிசைக்குப் போனாலும் இதுல வர்ற கரண்டு அதே இருநூத்தி முப்பதுதான். சாமான் விலை கம்மின்னு கரண்டு கம்மியா வராது."

அவரே ஒருநாள் மெக்கானிக் ஷெட்டிலிருந்து பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மேலே தெரிகிற அந்த வெள்ளைப் பகுதியும் நம் இனம்தான், அலுமினா பீங்கான். மேல் நுனியில் பல ஆயிரம் வோல்ட். கீழ் நுனியில் பெட்ரோல் எரிகிற சூடு. இரண்டுக்கும் நடுவே அந்தச் சின்ன வெள்ளைக் குழாய் விரிசல் விடாமல் நிற்க வேண்டும், விரிந்தால் இன்ஜின் திணறும். வெளிப்பக்கத்தில் வரிவரியாக மேடு இருக்கிறதே, அது கரண்ட் மேற்பரப்பில் ஊர்ந்து தாண்டாமல் இருக்கத் தூரத்தைக் கூட்டிக் கொடுப்பது. 240 இசட்டில் அப்படி ஆறு பிளக் இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் அந்தக் காரைப் பார்த்ததில்லை. "ஆறா?" என்று கேட்டு, கையிலிருந்த பிளக்கை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார்.

இதற்கிடையில் அந்தப் பெயரையே கம்பெனி கைவிட்டுக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க ஒரே பெயர் வேண்டும் என்று 1981இல் முடிவெடுத்தார்கள். டாட்சன் தகடுகள் இறங்கி நிசான் தகடுகள் ஏறின, 1986க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டயாமா 1977லேயே ஜப்பானுக்குத் திரும்ப அழைக்கப்பட்டு ஓய்வு பெற்றிருந்தார். மாமாவின் அடுத்த வண்டி நிசான் என்று எழுதியிருந்தது. அதைக் கடிதத்தில் தெரிவித்தபோது, ஏதோ சொந்தக்காரர் பெயர் மாறிப்போனது போல எழுதியிருந்தார்.

எங்கள் ஊருக்கு ஒரு கதை உண்டு. சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது இதே விருத்தாசலத்தில், பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூரில் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஊருலகம் சொல்கிறதே, அது எங்கள் ஆறு. கதையை முழுக்கக் கேட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். உரைத்துப் பார்ப்பதற்காக அவர் இங்கேயே ஒரு துண்டு பொன்னை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு போனார். குளத்தில் கிடைத்த பொன்னை அதோடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்திருந்தது. பிறகுதான் பாடிச் சரியாக்கிக்கொண்டார்.

டாட்சன் என்ற பொன்னை அமெரிக்காவில் ஆற்றில் போட்டார்கள். எடுத்த குளம் ஒரகடம்.

2012 மார்ச்சில் ஜகார்த்தாவில் அன்றைய நிசான் தலைவர் கார்லோஸ் கோன் அறிவித்தார்: டாட்சன் திரும்பி வருகிறது, இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யாவில் முதல் கார் வாங்குகிற குடும்பங்களுக்காக. தென்னாப்பிரிக்காவும் பின்னர் சேர்ந்தது. 2013 ஜூலையில் டெல்லி அருகே காரைத் திறந்து காட்டினார்கள். செய்த இடம் சென்னைக்கு அருகே நம் ஒரகடம், 2010இல் திறந்த ரெனோ-நிசான் ஆலை. நிசான் மைக்ராவின் அடித்தளத்தின் மேல், 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், 68 குதிரைசக்தி. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. ஸ்போர்ட்ஸ் காரின் பெயரைச் சின்னக் காருக்கு வைத்தால் பெயர் கெட்டுப்போகும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தப் பெயர் பிறந்ததே சின்னக் காரில். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்நாளின் முதல் காராக டாட்சன் கோ வாங்கினார். கொளஞ்சியப்பர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மணவாளநல்லூரிலிருந்து ஊர்வரை இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வந்தார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கட்டயாமா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது, எங்கெங்கே கையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. டேஷ்போர்டில் கையுறைப் பெட்டிக்கு மூடி கிடையாது, வெறும் பொந்து. ஆடியோ கிடையாது, செல்போனைச் செருக ஒரு தாங்கி. முன்னால் ஒரே வைப்பர். இவை எதற்கும் நான் கோபப்படவில்லை. மூடி இல்லாத பெட்டியோடு வாழலாம். காற்றுப்பை ஒன்றுகூட இல்லை, ஏபிஎஸ் இல்லை. 2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிச் சோதித்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கோவுக்குப் பூஜ்ஜியம் நட்சத்திரம். அதைவிடப் பெரிய செய்தி, காரின் உடற்கூடே தாங்கவில்லை என்பது. கூடு தாங்காதபோது காற்றுப்பை வைத்தும் பெரிய பயன் இல்லை என்றார்கள். அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, கூட்டைத் திருத்தும்வரை இந்தியாவில் விற்பனையை நிறுத்துங்கள் என்று கோனுக்கே கடிதம் எழுதினார். இந்தியச் சட்டம் கேட்கிற எல்லாவற்றுக்கும் கார் உட்பட்டிருக்கிறது என்று கம்பெனி பதில் சொன்னது. அது உண்மையும்கூட. சட்டம் அன்றைக்கு அவ்வளவுதான் கேட்டது.

எனக்கு மேஸ்திரி சொன்னது நினைவுக்கு வந்தது. சாமான் விலை கம்மி என்று கரண்ட் கம்மியாக வராது. 3.12 லட்ச ரூபாய்க் காரின் எதிரே வருகிற லாரி, அதன் விலையைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போய் நான்குவழிச் சாலையில் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் வந்த புதிய கோ காரில் இரண்டு காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் எல்லா வண்டியிலும் கொடுத்தார்கள். அதைச் செய்ய முடிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. முதல் நாளே செய்திருக்கலாம்.

அதே 2013இல் இன்னொன்று நடந்தது. ஜூலையில் கோ காரைக் காட்டிய அதே கம்பெனி, நவம்பரில் டோக்கியோ மோட்டார் ஷோவில் ஐடிஎக்ஸ் என்று இரண்டு கான்செப்ட் கார்களை நிறுத்தியது. ஒன்று சாதாரணம், இன்னொன்று நிஸ்மோ என்ற பந்தய வடிவம். பார்த்த மாத்திரத்தில் பழைய டாட்சன் 510 கண்ணில் நின்றது. அதே பெட்டி உடல், அதே நேர்க்கோடு, நாலு சக்கரமும் நிலத்தில் ஊன்றி நிற்கிற நிலை. உலகம் முழுக்க கார்ப் பிரியர்கள் கொண்டாடினார்கள். அந்தக் காரில் டாட்சன் என்ற பெயர் இல்லை. கான்செப்டாகவே இருந்து முடிந்தும் போனது, ஆலைக்கு வரவில்லை. பெயர் ஒரகடத்துக்கு வந்தது, உருவம் டோக்கியோ மேடையில் நின்றுவிட்டது. இரண்டையும் ஒரே வண்டியில் சேர்த்துப் பார்க்க யாரும் துணியவில்லை. 2020 செப்டம்பரில் இசட் புரோட்டோ என்ற கான்செப்ட் வந்தபோதும் அதே கதை. காலண்டரில் நான் பார்த்த நீண்ட பானெட், சரிந்த கூரை எல்லாம் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு 400 குதிரைசக்தியோடு விற்பனைக் காராக அறிவித்தார்கள். மூக்கில் நிசான் என்றிருந்தது. டாட்சன் என்ற பெயர் அந்த நேரத்தில் ஒரகடத்தில் ரெடி-கோ என்ற 800 சிசி வண்டியில் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் 2020இலேயே நிறுத்திவிட்டார்கள். 2022 ஏப்ரலில் இங்கேயும் முடிந்தது. ஒரு பெயரை இரண்டாவது முறை அடக்கம் செய்தது நம் மண்ணில்தான் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

பெயரை மட்டும் மீட்பது பற்றிய இந்தப் பேச்சு எங்கள் ஊருக்கும் பொருந்தும். பீங்கான் பைப்புக்குப் பதில் பிவிசி வந்தது, ஃபியூஸ் கட்டைக்குப் பதில் எம்சிபி வந்தது, ஓடு என்றால் குஜராத் மோர்பி என்றாகிவிட்டது. மிச்சமிருக்கிற யூனிட்டுகள் கார்த்திகைக்கு அகலும் நவராத்திரிக்குப் பொம்மையும் பிள்ளையாரும் செய்து நிற்கின்றன, நன்றாகவே செய்கின்றன. பீங்கான் நகரத்தை மீட்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெயர்ப்பலகைக்கு முன்னால் சூளைக்கு வழி சொல்லுங்கள். கேஸ் என்ன விலையில் வரும், களி எங்கிருந்து வரும், இங்குள்ள செராமிக் இன்ஸ்டிட்யூட்டில் படித்து வருகிற பிள்ளைகளுக்கு இங்கேயே என்ன சம்பளம்? அவர்கள் இப்போது எல்லோரும் பஸ் ஏறி ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று போய்விடுகிறார்கள்.

என் அக்கா மகன் அப்படிப் போனவன். கார்க் கதவுக்கு ரப்பர் செய்து கொடுக்கிற ஒரு சப்ளையர் கம்பெனியில் இருக்கிறான். டாட்சன் நின்றபோது அவனிடம் என் ஆற்றாமையைக் கொட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, நாங்க ஒரு ரப்பரக்கூட அலட்சியமா செய்யல" என்றான். அது எனக்குத் தெரியும். அவர்கள் கையில் குறை இல்லை என்பதற்கு அதே ஆலையே சாட்சி. 2020 டிசம்பரில் ஒரகடத்திலிருந்து நிசான் மேக்னைட் வந்தது, ஆசியான் என்கேப் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. அதே ஊர், அதே ஆலை. வரைந்து கொடுத்தது வேறு, கேட்டது வேறு.

ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு ஆலை இருக்கிறது. அவர்களும் பழைய பெயர் ஒன்றைத் தூசி தட்டினார்கள். கான்டினென்டல் ஜிடி, 1960களில் இங்கிலாந்து இளைஞர்கள் டீக்கடைக்கு டீக்கடை பந்தயம் ஓடிய 250 சிசி பைக்கின் பெயர். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடிப்போனது, சென்னை திருவொற்றியூரில் மட்டும் பிழைத்திருந்தது. 2013இல் அந்தப் பெயரை 535 சிசி பைக்குக்கு வைத்தார்கள். அதோடு விடவில்லை. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் ஒரு தொழில்நுட்ப மையம் கட்டி, இரட்டை சிலிண்டர் 648 சிசி இன்ஜினைப் புதிதாக வரைந்து, 2018இல் அதே பெயரில் கொண்டுவந்தார்கள். பெயர், உருவம், இன்ஜின் மூன்றும் ஒன்றாக வந்தன. எந்த நாட்டில் அந்தப் பெயர் பிறந்ததோ அந்த நாட்டுக்கே நம் ஊர்ப் பிள்ளைகள் செய்து கப்பலில் அனுப்புகிறார்கள். கடையில் அதைப் பார்த்தால் நான் இன்றும் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

இதையும் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "அப்ப டாட்சனுக்கும் இப்படி உக்காந்து யோசிக்க ஆள் இல்லாமப் போச்சா மாமா?"

ஆள் இருந்தார். கோ விற்பனைக்கு வந்த 2014 மார்ச்சில் கட்டயாமாவுக்கு 104 வயது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஒரகடத்திலிருந்து டாட்சன் கோ பிளஸ் வெளிவந்திருந்தது.